உடைந்த நிச்சயத் தட்டும் எங்கள் பாஷையின் பெயரும்

ஸப்ரோத்னே, நேமன் நதிக்கரை.
வேதத்தில் நோவாவின் பகுதி வாசிக்கப்படும் வாரம், செவ்வாய்க்கிழமை.

பெருமதிப்பும் பேரறிவும் வாய்ந்த வார்சா பத்திரிகை ஆசிரியர் அவர்களின் மேலான சமூகத்திற்கு,

ஸப்ரோத்னேயில் பீப்பாய் செய்யும் ஹீர்ஷின் மனைவியும், உப்பு, மண்ணெண்ணெய், உப்பிட்ட மீன் ஆகியவற்றை நேர்மையாக நிறுத்து விற்பவளுமாகிய தோப்ரிஷ், உரிய வணக்கத்துடன் சமர்ப்பிக்கும் விண்ணப்பம். படைத்தவன் கருணையால் நாங்கள் ஒரு கூரையின் கீழ் இருக்கிறோம். தாங்களும், தங்கள் அச்சு இயந்திரமும், தங்களைக் கண்காணிக்கும் தணிக்கை அதிகாரியும் அவரவர் இடத்தில் சௌக்கியமாக இருக்க வேண்டுகிறேன்.

"நம் மொழியை உங்கள் ஊரில் என்ன பெயரிட்டு அழைக்கிறீர்கள், அப்பெயர் எவ்வாறு வந்தது?" என்று தாங்கள் வாசகர்களை வினவியது கோடையின் தொடக்கத்தில். நான் விடை எழுதுவது கூடாரத் திருநாளும் கழிந்து, ஊரெங்கும் சேறு பிடித்த பிறகு. இத்தாமதத்தைப் பெரிய மனது கொண்டு பொறுத்தருள வேண்டும். தங்கள் பத்திரிகையின் ஒரே பிரதிதான் எங்கள் ஊருக்கு வருகிறது. அதை முதலில் மருந்துக்கடைக்காரர் படிக்கிறார், பின்னர் பல் பிடுங்குபவர், பின்னர் பல் பிடுங்கக் காத்திருப்பவர்கள். என் கைக்கு வந்து சேரும்போது அதிலுள்ள செய்திகளில் பாதி பொய்யாகியிருக்கும். ஆயினும் தாமதத்திற்கு அது ஒன்றே காரணமன்று. தங்கள் வினாவிற்குரிய விடை எனக்குத் தெரிந்திருந்ததே முதற்காரணம். அவ்விடையின் விளைவாக என் ஒரே மகள் பெஸிலுக்கு நிச்சயதார்த்தம் நடந்துவிட்டதா, நடக்கவில்லையா என்று எங்கள் ஊரில் எவராலும் சொல்ல இயலவில்லை. அவளுடைய வாழ்வு இன்று தங்கள் தீர்ப்பில் தொங்குகிறது. ஆகவே சற்று விரிவாக எழுத அனுமதி வேண்டுகிறேன்.

முதலில் விடையைச் சொல்லிவிடுகிறேன். பள்ளியில் பயின்றவள் அல்லளாயினும், பயின்றவர்கள் மறந்ததைக் கேட்டறிந்தவள் நான். என் தகப்பனார் எங்கள் முன்னறையைச் சிறுவர் பாடசாலைக்கு விட்டிருந்தார். தட்டிக்கு இந்தப் பக்கம் அமர்ந்து வாத்து இறகு பிய்த்தபடியே பாடம் முழுவதையும் உள்வாங்கிக்கொண்டேன். நம் முன்னோர் ரைன் நதிக்கரையில் குடியேறியபோது அங்கிருந்த மக்களின் ஜெர்மானியப் பேச்சை எடுத்துக்கொண்டார்கள். அதில் நம் வேதத்தின் புனித மொழியிலிருந்து ஒரு கை உப்பைப் போட்டார்கள். பிற்பாடு ஸ்லாவிய அண்டை வீட்டாரிடமிருந்து வெங்காயமும் சேர்ந்தது. தொடக்கத்தில் அதற்கு 'தய்ட்ஷ்' என்றே பெயர், அதாவது ஜெர்மன். சிறுவர்களுக்கு வேதத்தை அப்பேச்சில்தான் விளக்கினார்கள், ஆதலால் "இதற்கு என்ன தய்ட்ஷ்?" என்று கேட்டால் "இதற்கு என்ன பொருள்?" என்று ஆகிவிட்டது. பிறகு நம்மவர்கள் கிழக்கே வந்தார்கள். ஜெர்மானியருடையது வேறு, நம்முடையது வேறு என்று காட்ட வேண்டியிருந்ததால் 'யித்திஷ்-தய்ட்ஷ்' என்றார்கள். 'யீத்' என்றால் யூதர், 'யித்திஷ்' என்றால் யூதருக்குரியது. ஆக, யூதரின் ஜெர்மன். நாளடைவில் அப்பெயரின் பின்பாதி உதிர்ந்தது, முன்பாதி நிலைத்தது. எனவே யித்திஷ் என்ற பெயருக்கு 'யூதருடையது' என்பதற்கு மேல் ஒரு பொருளும் இல்லை. வழியில் அந்நியர் ஒருவரைச் சந்தித்து யித்திஷ் தெரியுமா என்று வினவினால், மொழியைக் கேட்டதும் ஆயிற்று, ஆள் யார் என்று கேட்டதும் ஆயிற்று.

இவ்வளவே என் விடை. இதை அன்றே தபாலில் சேர்த்திருப்பேன். தாளை மடித்துக்கொண்டிருந்த வேளையில் கல்யாணத் தரகர் ஃபைவிஷ், காலிலிருந்த சேற்றைத் துடைக்காமலே உள்ளே வந்து, தேநீர்க் கொதிகலமான சமோவாரின் அருகில் அமர்ந்தார்.

"தோப்ரிஷம்மா, க்ரோத்னோவுல ஒரு பையன் இருக்கான். பேரு யோய்னே, மருந்து கலக்குற வேலை. அப்பா ஆன்ஷில், ஆத்துல மரத்த மிதக்கவிட்டு ப்ரஷ்யா வரைக்கும் கொண்டுபோய் விக்கிறவரு. குடும்பத்துல ஒரே ஒரு குறை."

என்ன குறை என்று கேட்டேன்.

"அப்பாவுக்கு ஜெர்மன் தெரியும். பயப்படாதீங்க, பையனுக்கு ஒட்டல."

பையனும் பெண்ணும் ஒருவரையொருவர் பார்க்க ஏற்பாடாயிற்று. முதலில் இருவரும் தரையைப் பார்த்தார்கள். பின்னர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அதன் பிறகு எங்கள் வீட்டுத் தரையை யாரும் பார்க்கவில்லை. யோய்னே நல்ல பிள்ளை. பேச்சு குறைவு, விரல்களில் கற்பூர மணம். அன்று மாலையே என் மகள், கேட்காமலே பாத்திரம் துலக்கினாள். இதற்கு மேல் ஒரு தாய்க்கு என்ன சான்று வேண்டும்?

படைப்பின் போது 'நல்லது' என்று இருமுறை சொல்லப்பட்ட நாள் செவ்வாய்க்கிழமை என்பதால், கோடை நோன்பைத் தொடரும் ஆறுதல் ஓய்வுநாளுக்கு அடுத்து வந்த செவ்வாயன்று நிச்சயதார்த்தம் வைத்தோம். ஆண்களும் இரு தாய்மாரும் முன்னறையில், மற்றப் பெண்களும் பிடில்காரரும் தேன்ரொட்டியும் சமையலறையில். ஒப்பந்தம் எழுத எங்கள் ஊர்ப் பாடசாலை ஆசிரியர் நோகெம் வந்திருந்தார். எழுதி, வாசித்து, கையெழுத்திட்டு முடிந்ததும் இரு தாய்மாரும் சேர்ந்து ஒரு தட்டைப் பிடித்து உடைக்க வேண்டும். உடைந்த தட்டு எப்படி ஒட்டாதோ அப்படியே நிச்சயமும் திரும்பாது என்பதற்கு அடையாளமாக. தட்டு நீல விளிம்பு வைத்தது, நானே தேர்ந்தெடுத்தது. மாலைக்குள் அடுத்த ஊரில் இன்னொரு சம்பந்தம் முடிக்க வேண்டியிருந்த ஃபைவிஷ், வண்டிக்காரர் கூப்பிடுகிறார் என்று சொல்லி, நோகெம் மையில் இறகைத் தொடுவதற்கு முன்பே அத்தட்டை எங்கள் கைகளில் திணித்துவிட்டார். ஒரு பக்கம் நான். மறுபக்கம் பையனின் தாயார் ஈத்தே அம்மாள். உடைக்காமல் அதைக் கீழே வைப்பது அபசகுனம். ஆகவே நிகழ்ந்தது அனைத்தும் நாங்கள் இருவரும் அத்தட்டைப் பிடித்தபடி நின்றிருக்கையில் நிகழ்ந்தது என்பதைத் தாங்கள் நினைவில் கொள்ள வேண்டும்.

நான் கேட்டது சிறிய உதவி. ஒப்பந்தம் புனித மொழியில் இருக்கும். பெண்களாகிய எங்களுக்கு எல்லாம் விளங்கும்படி, வாசித்தபின் நம் மொழியிலும் ஒருமுறை எடுத்துச் சொல்லிவிடுங்கள் என்று நோகெமிடம் வேண்டினேன். நோகெம் தலையசைத்தார். சம்பந்தி ஆன்ஷில் தாடியை நீவினார்.

"புனிதமான காரியத்துல ஜார்கோன் எதுக்கு?"

ஜார்கோன் என்பது, உருப்படாத கலப்புப் பேச்சு என்ற பொருளில் நம் மொழிக்குப் படித்தவர்கள் கொடுத்திருக்கும் பெயர் என்பதைத் தாங்கள் அறிவீர்கள். நான் பணிவுடன் திருத்தினேன்.

"சம்பந்தி, அதுக்குப் பேர் இருக்கு. யித்திஷ்."

"கெட்டுப்போன ஜெர்மனுக்குப் பேரு என்ன கேடு? புளிச்ச பால எந்தக் குவளையில ஊத்தினாலும் புளிச்ச பால்தான்."

அதன்பின் நான் மேலே எழுதிய விடை முழுவதையும், ரைன் நதியிலிருந்து தொடங்கி, ஒன்று விடாமல் எடுத்துரைத்தேன். பின்பாதி உதிர்ந்து முன்பாதி நின்ற இடத்திற்கு நான் வந்தபோது சமையலறையில் தேன்ரொட்டி தீர்ந்துவிட்டதாகப் பின்னர் அறிந்தேன். ஈத்தே அம்மாள் தட்டின் மறுபக்கத்திலிருந்து எனக்கே ஆதரவு காட்டினார். தம் கணவர் மரம் விற்கப்போகும் கோனிக்ஸ்பர்க்கில் பேசுவது என்ன மொழியோ தமக்குத் தெரியாது, ஆனால் வீட்டில் விரலில் சுத்தியல் பட்டால் அவர் அலறுவது ஜெர்மனில் அன்று என்றார். எல்லாரும் சிரித்தார்கள். வெற்றி எனக்கே என்று நான் எண்ணியிருந்த அந்த நேரத்தில்தான் ஆன்ஷில் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார்.

"கோனிக்ஸ்பர்க் சத்திரத்துல ஒருத்தரப் பார்த்தேன். துருக்கி ராஜ்யத்துல சலோனிக்கா ஊர். நம்மாளு, தொப்பி, தாடி, ஜெபம் எல்லாம் சரி. அவரு பேசுறது ஸ்பெயின்லேர்ந்து அவங்க முன்னோர் கொண்டுபோன பாஷையாம். அதுக்கு என்ன பேருன்னு கேட்டேன். 'யூதருடையது'ன்னாரு. உங்க பாஷைக்கு என்ன பேருன்னு அவரு கேட்டாரு. நானும் 'யூதருடையது'ன்னேன். ரெண்டு பேரும் யூதருடையதுல பேசினோம், சம்பந்தியம்மா. ஒரு வார்த்த புரியல. கடைசியில ஜெர்மன்லதான் பேரம் முடிஞ்சுது."

மாண்புமிகு ஆசிரியர் அவர்களே, இதற்கு விடை என்ன? அறை முழுவதும் சிரித்தது. ஃபைவிஷ் சிரித்தார், நோகெம் சிரித்தார். பன்னிரண்டு மாதமும் வாய் திறவாத என் வீட்டுக்காரர் ஹீர்ஷ், எந்தப் பேச்சுக்கும் அசையாத மனிதர், முழங்காலைத் தட்டிச் சிரித்தார். நான் அமைதியாகவே பேசினேன். நம் பேச்சுக்குப் பெயர்கூட இல்லாத வீட்டில் என் மகள் போய் எந்தப் பெயரால் வாழ்வாள், இந்தச் சம்பந்தம் வேண்டாம் என்று சொல்லி, தட்டை அலமாரியில் திரும்ப வைப்பதற்காக என் பக்கம் இழுத்தேன். ஈத்தே அம்மாள் தம் பக்கம் இழுத்தார்.

"தட்ட விடுங்க, சம்பந்தியம்மா."

"நீங்க விடுங்க. தட்டு எங்க வீட்டுது."

"பையன் எங்க வீட்டுப் பிள்ளை. விடுங்க."

அப்போது ஹீர்ஷ் எழுந்து, யாராவது ஒருத்தர் விட்டுக்கொடுங்கம்மா என்றார். இருவரும் மரியாதை தெரிந்த குடும்பத்தில் பிறந்தவர்கள். இருவரும் ஒரே நேரத்தில் விட்டுக்கொடுத்தோம்.

தட்டு விழுந்த சத்தம் கேட்டதும் சமையலறையில் காத்திருந்த பெண்கள் அனைவரும் வேறு எதை நினைப்பார்கள்? வாழ்த்தொலி கூரையைத் தொட்டது. பிடில்காரர் வாசிக்கத் தொடங்கினார். கதவைத் தள்ளிக்கொண்டு வந்தவர்கள் என்னைக் கட்டிப்பிடித்து அழுதார்கள்; நான் அழுததை ஆனந்தக் கண்ணீர் என்று எடுத்துக்கொண்டார்கள். நிச்சயத் தட்டின் சில்லு வைத்திருந்தால் சீக்கிரம் வரன் அமையும் என்பதால் மணமாகாத பெண்கள் தரையில் பாய்ந்து, நான் "வேண்டாம்" என்று சொல்லி முடிப்பதற்குள் ஒரு துண்டு மீதியில்லாமல் பொறுக்கிச் சென்றுவிட்டார்கள். ஃபைவிஷ் ஒரு குவளை பிராந்தியைக் குடித்துவிட்டு வண்டி ஏறினார். மேசையின் மேல் ஒப்பந்தத் தாள் வெறுமையாகக் கிடந்தது. நோகெம் அதில் ஓரெழுத்தும் எழுதியிருக்கவில்லை.

மறுநாள் இரு தரப்பும் எங்கள் மதகுருவான ரபியிடம் சென்றோம். அவர் நெடுநேரம் கண்களை மூடியிருந்தார். உறங்கிவிட்டாரோ என்று ஐயுற்றோம். பின்பு தீர்ப்புச் சொன்னார். தட்டு உடைந்துவிட்டது, ஊரார் வாழ்த்தியும் விட்டார்கள், மணமான மனைவியை விலக்கினாலும் விலக்கலாம், தட்டு உடைத்த நிச்சயத்தை முறிப்பது பெரும் பழி, ஆகவே பின்வாங்கக் கூடாது. ஆனால் ஒப்பந்தம் எழுதப்படவில்லை, வாசிக்கப்படவில்லை, கையெழுத்தாகவில்லை; ஆகவே முன்னேறவும் கூடாது. மொழியின் பெயரைப் பற்றியாவது ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்று மன்றாடினேன்.

"பொறந்ததுலேர்ந்து அதுலதாம்மா பேசுறேன். அது எங்கிட்ட பேரு சொன்னதில்ல, நானும் கேட்டதில்ல. நீங்க போய் அந்தத் தாள எழுதுங்க."

தாளை எழுதலாம். ஆனால் அதை எடுத்துச் சொல்லும்போது எந்த மொழியில் சொல்லப்படுகிறது என்று அறிவிக்க வேண்டும் அல்லவா? "இப்போது யித்திஷில் சொல்கிறேன்" என்று நோகெம் சொன்னால் ஆன்ஷில் எழுந்துபோவார். "ஜார்கோனில்" என்றால் நான் எழுந்துபோவேன். நோகெமைக் கேட்டாலோ, புனித மொழியாகிய எபிரேயம் எஜமானி, இது அடுக்களை வேலைக்காரி, வேலைக்காரிக்கு யாரும் பட்டம் சூட்டுவதில்லை என்கிறார். அதையும் வேலைக்காரியின் வாயால்தான் சொல்கிறார். ஊர் இரண்டுபட்டது. நீராவிக் குளியல் இல்லத்தில் யித்திஷ் கட்சிப் பெண்கள் மேல் படியிலும் ஜார்கோன் கட்சியினர் கீழ்ப் படியிலும் அமர்கிறார்கள். இறைச்சிக் கடைக்காரர் எனக்கு எலும்பையும் மற்றவர்களுக்குச் சதையையும் போடுகிறார். அவர் எக்கட்சி என்பது இதனால் விளங்கும்.

இவற்றையெல்லாம் நான் பொறுத்துக்கொண்டேன். பெஸில்தான் நாளுக்கு நாள் மெலிந்தாள். அவள் வயதொத்தவர்கள் தட்டுச் சில்லைத் தலையணையின் கீழ் வைத்து உறங்கி, இருவருக்கு வரனும் அமைந்துவிட்டது. அவளை மட்டும் மணப்பெண் என்று அழைப்பதா, வேண்டாமா என்று தெரியாமல் தெருவில் பெண்கள் பேச்சை நிறுத்திவிடுகிறார்கள். கூடாரத் திருநாளுக்கு முன் ஒருநாள் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"ஒரு பேச்சுக்கு நீ ஜெயிச்சுட்டேன்னு வச்சுக்கம்மா. எனக்கு என்ன கெடைக்கும்?"

அவள் கோபமாகக் கேட்கவில்லை. உண்மையில் தெரிந்துகொள்ளவே கேட்டாள். கெட்டுப்போன எதையோ பேசுகிறவள் என்று மாமனார் நினைக்கும் வீட்டில் நீ வாய் திறக்கும்போதெல்லாம் கூச வேண்டாமே, அது கிடைக்கும் என்று நான் விடை சொன்னேன். அவள் கத்தியை எடுத்து மீண்டும் உரிக்கத் தொடங்கினாள். நானும் உரித்தேன். அன்று தேவைக்கு அதிகமாக உரித்துவிட்டோம்.

இறுதியில் வழி காட்டியவர் ஹீர்ஷ். தங்கள் மேன்மைக்குக் குறைவு நேராதவாறு அவர் சொற்களை நான் மாற்றி எழுதலாம். ஆனால் உண்மையே சிறந்தது.

"வார்சாக்காரங்கிட்ட கேளுங்க. தெரியாததையும் அச்சுல போடுறவன் அவந்தான்."

ஆன்ஷிலுக்கு அச்சின் மீது மதிப்பு உண்டு. தங்கள் பத்திரிகையில் எந்தப் பெயர் வெளிவருகிறதோ அதற்கு இரு தரப்பும் கட்டுப்படுவது, அப்பெயரைச் சொல்லியே நோகெம் ஒப்பந்தத்தை எடுத்துரைப்பது, தோற்றவர் முணுமுணுக்காதிருப்பது, அதன் பின்னரே குளிர்காலத் தீபத் திருநாளில் திருமணம் என்று கைகொடுத்து உறுதி செய்துகொண்டோம். ஆகவே மாண்புமிகு ஆசிரியர் அவர்களே, தாங்கள் அச்சிடப்போவது ஒரு சொல் மட்டுமன்று. அது என் மகளின் மணப்பந்தல். சலோனிக்காவைச் சேர்ந்த அந்த மனிதரைப் பற்றித் தங்களுக்கு ஏதேனும் தோன்றினால் அதையும் ஓரிரு வரிகளில் சேர்த்தால் கடமைப்பட்டவளாவேன்.

தங்கள் மைக்கூடு வற்றாதிருக்கவும், தங்கள் சந்தாதாரர்கள் நீடூழி வாழ்ந்து சந்தாவைப் புதுப்பிக்கவும், தங்கள் இல்லத்துப் பெண்மக்களுக்கு ஒரே பெயரில் அனைத்தையும் அழைக்கும் சம்பந்திகள் வாய்க்கவும் பிரார்த்திக்கிறேன். ஹீர்ஷும் தம் வணக்கத்தைத் தெரிவிக்கச் சொன்னார்; சொல்லவில்லை, தலையசைத்தார்.

என்றும் தங்கள் பணிவுள்ள வாசகி,
தோப்ரிஷ்.

பின்குறிப்பு: உறையை ஒட்டும் முன்பே சம்பந்தி ஆன்ஷில் மகனுடன் வந்து இறங்கினார். தம் தரப்பை நான் நியாயமாக எழுதியிருக்கிறேனா என்று சரிபார்க்க வந்தாராம். முழுவதையும் வாசித்துக் காட்டினேன். புளித்த பால் என்பதை மட்டும் எடுத்துவிடக் கேட்டுக்கொண்டார்; எடுத்துவிடுவதாகச் சொன்னேன், நேரமில்லை. இதற்கிடையே பெஸிலும் யோய்னேயும் முற்றத்தில் விறகுக் குவியலின் அருகே நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். ஜன்னல் திறந்திருந்தது. நானும் சம்பந்தியும் ஒட்டுக்கேட்கவில்லை. அருகில் நின்றோம், அவ்வளவே. இரண்டு குழந்தைகளும் ரஷ்ய மொழியில் பேசிக்கொண்டிருந்தார்கள். தட்டுத்தடுமாறி அல்ல, வாளியிலிருந்து தண்ணீர் ஊற்றுவதுபோல. தையல் கற்கச் செல்வதாக நான் நினைத்திருந்த மாலை வகுப்பில் என் மகள் வேறு எதையோ தைத்திருக்கிறாள்.

ஆன்ஷிலுக்கு மரத்தின் நீளமும் கனமும் சொல்லுமளவுக்கு ரஷ்யன் தெரியும். அவர்கள் மரத்தைப் பற்றிப் பேசவில்லை. எனக்கு அம்மா என்பதற்கான சொல் ஒன்றுதான் பிடிபட்டது. யாருடைய அம்மா என்பது பிடிபடவில்லை. அதன்பின் சிரித்தார்கள். பெஸில் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை.

ஆன்ஷில் என் பக்கம் திரும்பினார். கோனிக்ஸ்பர்க் வரை போய்வந்த அந்த முகத்தில் வழி தவறிய மனிதரின் களை இருந்தது.

"சம்பந்தியம்மா, நம்ம பாஷையில பேசச் சொல்லுங்களேன்."

நான் சொல்லவில்லை. அவரும் மறுபடி கேட்கவில்லை. நோகெமைக் கூப்பிட்டனுப்பினோம். அவர் சமோவாரின் அருகில் அமர்ந்து அந்தத் தாளை எழுதி, எந்த மொழி என்று அறிவிக்காமலே எடுத்துச் சொன்னார்; இரு தகப்பன்மாரும் கையெழுத்திட்டார்கள். உடைக்கத் தட்டு தேவைப்படவில்லை. எனவே தங்கள் தீர்ப்பு இனி வேண்டியதில்லை. அதை வேறு யாருக்கேனும் பயன்படுத்திக்கொள்ளலாம்.

ஆனால் ரஷ்ய மொழியை ஆசிரியரின்றித் தானே கற்றுக்கொள்வதற்கு ஏற்ற புத்தகம் ஏதும் வார்சாவில் கிடைக்குமா என்று அறிய விரும்புகிறேன். இரண்டு பிரதிகள் வேண்டும், ஒன்று சம்பந்திக்கு. தீபத் திருநாளுக்கு முன் படித்தாக வேண்டும்.

விரைவில் பதில் எழுதவும்.